வீசுகயிறும் வீச்சுவலையும்

நியூ ஜெர்சிக் கடற்கரையும் சோழமண்டலக் கடற்கரையும் கிழக்கே பார்த்தவை. இரண்டிலும் பொழுது கடலுக்குள்ளிருந்து புறப்படும். இரண்டிலும் கடலைப் பார்த்து நிற்பவனுக்குத் தெற்குக் காற்று வலது தோளில் மோதும். நம் மீனவர்கள் சோழகம் என்று பெயரிட்டு வைத்திருக்கும் அந்தக் காற்றை, ஃப்ளை ராட் என்னும் தூண்டிற்கழியோடு நியூ ஜெர்சியின் பெல்மார் மணலில் நிற்கும் வலக்கைக்காரன் எவனும் மறப்பதில்லை. பின்னால் போன கயிறு முன்னால் திரும்பும் வழியில் காற்று அதை அவன் தலைப்பக்கம் தள்ளும். கொக்கி காதுமடலில் ஏறிய அனுபவம் எனக்கு ஒரு முறை உண்டு. இருகை ராட் வாங்கியதற்கு அந்தக் காதுதான் முதல் காரணம். இரண்டு கையும் பிடியில் இருப்பதால், காற்று வலத்தே வந்தால் இடக்கையை மேலே மாற்றி இடத்தோள் வழியே வீசிவிடலாம்.

இருகை ஃப்ளை ராடை ஒப்பிடுவதென்றால் ஸ்பின்னிங் ராடோடு ஒப்பிடுவதே வழக்கம். ஒரே கரை, ஒரே மீன், ஏறத்தாழ ஒரே நீளம். நானும் பல வருடம் அப்படித்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஃப்ளை ராட் தோற்றது. அந்த ஜோடியைக் கலைத்தவர் ஒரு பெரியவர். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தை ஒட்டிய பழையாறில் பிறந்து வளர்ந்தவர். ஆறு மாத விசாவில் ஐசலினுக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். ஓக் ட்ரீ ரோட்டில் காலையும் மாலையும் நடந்து சலித்து, "கடலு எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டவரை, செப்டம்பர் கடைசியில் ஒரு விடிகாலை கார்டன் ஸ்டேட் பார்க்வே வழியாகத் தெற்கே கூட்டிப்போனேன். ஷார்க் ரிவர் முகத்துவாரத்தருகே அரை மணி நேரம் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என்ன தம்பி, எல்லாரும் தூண்டிய எறியுறாங்க, நீங்க கயித்தயில்ல வீசுறீங்க? இது வலை வீசுற வேலையாவுல்ல இருக்கு."

அவர் சொன்னதை எடைபோட்டுப் பார்ப்போம். அடிப்படையில் அது எடையைப் பற்றிய பேச்சுதான். ஸ்பின்னிங் ராடில் 2 அவுன்ஸ் ஈயமோ மரமீனோ முன்னால் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை ராடின் முனையில் இருப்பதோ மான்வால் மயிர் சுற்றிய ஒரு கொக்கி; கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். பாரம் முழுவதும் கயிற்றின் தலைப்பகுதியில் இருக்கிறது. பத்தாம் எண் கயிற்றின் முதல் 30 அடி 280 கிரெயின் இருக்க வேண்டும் என்பது ஒற்றைக்கை ராடுக்கான பழைய அளவு. கடலுக்கான இருகை ராடுக்கு 400 முதல் 500 கிரெயின் வரை போகும். கிரெயின் என்பது தானியமணியிலிருந்து வந்த எடை. நம்மூர்க் கணக்கில் 450 கிரெயின் என்றால் ஏறத்தாழ 240 குன்றிமணி, கிராமில் 29. ஒரு கைப்பிடி குன்றிமணியை முப்பது அடி நீளத்துக்குப் பரப்பி, அதைக் கடலுக்குள் அனுப்புவதுதான் இந்த வித்தை.

வீச்சுவலையில் அதே பாரம் விளிம்பைச் சுற்றி ஈயமணிகளாகக் கோத்திருக்கிறது. நனைந்த வலை சில கிலோ கனக்கும் என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் இரண்டிலும் பாரம் ஒரு புள்ளியில் திரளாமல் கருவியின் உடம்பெங்கும் பரவிக்கிடக்கிறது. ஸ்பின்னிங் ராடுக்கு அந்த உறவு கிடையாது. அது கவணுக்குச் சொந்தம். ஒரு வேறுபாட்டையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். வலையில், எறிபடுவதே மீனைப் பிடிக்கிறது. ஃப்ளையில், எறிபடுவது மீனைப் பிடிக்கப்போவதைச் சுமந்துகொண்டு போகிறது.

பெரியவர் வாயில் இரண்டு வினைகள் வந்ததைக் கவனித்திருக்கலாம். தூண்டிலை எறிகிறார்கள், கயிற்றையும் வலையையும் வீசுகிறார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே சொல். தமிழில் எறிந்தது எறிந்தபடியே போகும். வீசியது போகிற வழியில் விரியும். (செய்தித்தாள்கள் 'கல்வீச்சு' என்று எழுதி இந்த நுட்பத்தைக் கெடுத்துவைத்திருக்கின்றன, அதை விடுவோம்.) ஃப்ளை கயிறு படுத்துக்கிடக்கும் கொண்டை ஊசிபோல் மடிந்து புறப்பட்டு, போகப்போக கீழ்க்கால் நீண்டு மேல்கால் குறுகி, கடைசியில் ஒரே கோடாக நிமிர்ந்து நீரில் படிகிறது. வலை ஒரு முடிச்சாகப் புறப்பட்டு, சுழற்சியில் ஈயமணிகள் வெளியே ஓட, வட்டமாக வாய் திறந்து விழுகிறது. ஒன்று நீளவாக்கில் மலர்கிறது, மற்றது அகலவாக்கில். ஒன்றுக்குக் கடைசி முனை ஓசையில்லாமல் இறங்க வேண்டும். மற்றதற்குச் சுற்றுவிளிம்பு முழுக்க ஒரே நொடியில் தண்ணீரைத் தொட வேண்டும்.

தோல்விகளும் உறவினர்கள்தாம். அவசரப்பட்டு முன்னே தள்ளினால் கயிறு தன்மேல் தானே விழுந்து, முனை நரம்பில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு வரும். அவசரப்பட்டுக் கையை விட்டால் வலை வாய் திறக்காமல் வாழைப்பழ வடிவில் விழும்; அமெரிக்கர்களும் அதை வாழைப்பழம் என்றுதான் கேலி செய்கிறார்கள். இரண்டிலும் பிழை பலத்தால் வருகிறது. வலுவாக வீசு என்று எந்த ஆசானும் சொல்லிக் கேட்டதில்லை. ராடில், சரியான இடத்தில் நிறுத்து என்பார்கள். வலையில், சரியான நேரத்தில் விடு என்பார்கள்.

கைகளின் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இருகை ராடைப் பார்ப்பவர்கள் மேல்கைதான் வீசுகிறது என்று நினைப்பார்கள். புதிதாகக் கற்பவன் முதல் ஒரு மாதம் அப்படி நினைத்தே மேல்கையால் தள்ளித் தோளை நோகடித்துக்கொள்வான். உண்மையில் மேல்கை வெறும் நெம்புமுனை. அடிப்பிடியைத் தன் வயிற்றை நோக்கி இழுக்கும் கீழ்க்கைதான் ராடை வளைக்கிறது. வலையிலும் வலக்கையும் இடுப்பும் சுழன்று வீசுவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். வாயின் அகலத்தைத் தீர்மானிப்பதோ, விளிம்பின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து ஒரு கணம் தாமதமாக விடுகிற இடம். பலருக்கு அது இடது முழங்கை, சிலருக்குப் பற்கள்.

அன்று அது நேரடியாகவே காணக் கிடைத்தது. முகத்துவாரத்தின் உள்பக்கம் ஒருவர் தூண்டிலில் கோக்க மடவைக் குஞ்சு பிடிக்க வலையோடு நின்றிருந்தார். மடவையேதான். செப்டம்பரில் ஜெர்சியின் கழிகளிலிருந்து விரல் நீள மடவைகள் கூட்டங்கூட்டமாகக் கடலுக்கு இறங்கித் தெற்கே போகும். பழையாறில் மழைக்காலத்தில் முகத்துவாரம் பெருகும்போது பார்த்த மீனின் உறவுக்காரனைப் பெல்மாரில் பார்த்ததும் பெரியவருக்கு முகமே மாறிவிட்டது. சைகையில் வலையைக் கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டி, மீதியை வளையம் வளையமாக அதே கையில் சேர்த்தார். ஈய விளிம்பைத் தூக்கி வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார். "பல்லுல கடிச்சித்தான் பழக்கம். இப்ப இருக்குறது கட்டுன பல்லு. வலையோட போயிரும்" என்று விளிம்பை முழங்கையில் போட்டார். முதல் வீச்சு நீள்வட்டமாக விழுந்தது. இரண்டாவது முழு வட்டம்.

வலையை இழுக்கும்போது அவருக்கு ஒரு குறை இருந்தது. அமெரிக்க வலையில் விளிம்பிலிருந்து உள்ளே நரம்புகள் ஓடி, கயிற்றை இழுத்தால் விளிம்பு நடுவுக்குச் சுருங்கிப் பையாகிவிடும். அவர் பழகிய வலையில் விளிம்பை உள்பக்கம் மடித்துக் கட்டியிருப்பார்கள். மெல்ல இழுக்க இழுக்க ஈயம் ஒன்றுகூடி, மீன் மடிக்குள் ஒதுங்கும். "இது சட்டுனு மூடிக்கிது. இழுக்குற கைக்கு வேலையே இல்ல" என்றார். கண்டனமா பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஃப்ளைக்காரர்கள் ஸ்பின்னிங் ரீலைப் பற்றி இதே குரலில்தான் பேசுவார்கள். மீன் கடிக்கும் கணத்தைக் கையில் பிடித்திருக்கும் கயிற்றிலேயே உணர வேண்டும், பல்சக்கரம் இடையில் வரக் கூடாது என்பது அவர்கள் பிடிவாதம். இருகை ராடில் வீசியதும் ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரு கையாலும் மாற்றி மாற்றிக் கயிற்றை இழுப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் அது வலை இழுப்பவனின் தோற்றம்தான்.

இழுத்த கயிறு அலையில் சிக்காமல் இருக்க இடுப்பில் ஒரு கூடை. கடையில் விற்பார்கள், என்னுடையது பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டி. அடியில் துளையிட்டு, கயிறு பின்னிக்கொள்ளாதிருக்க முட்கள்போல் சில பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி, பெல்ட்டில் கட்டியிருக்கிறேன். பெரியவர் அதைத்தான் முதலில் எட்டிப்பார்த்தார். மீன் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். வலைக்காரன் இடுப்பில் கட்டும் ஓலைப்பறி மீனுக்கானது. அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில், நான் சுமந்தது கயிறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை; இரண்டாம் முறை எட்டிப்பார்த்தார், அவ்வளவுதான்.

பிறப்பிடத்தில் இரண்டும் எதிரெதிர். இருகை ராட் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் வீச்சுமுறையைக் கண்டுகொண்டது. பெரும்பண்ணைக்காரர்களின் ஆறு, கரையில் மரங்கள் நெருங்கியிருந்ததால் கயிற்றைப் பின்னால் அனுப்ப இடமில்லை. எனவே கயிற்றை நீரிலேயே ஊன்றி, வளைத்து உருட்டி வீசப் பழகினார்கள். வலைக்கு இப்படி ஒரே ஊர் கிடையாது. கழியும் ஆழமில்லா நீரும் இருந்த இடமெல்லாம் அது இருந்திருக்கிறது, அதை வீசியவர்களுக்குப் பண்ணையும் இல்லை. நம் பக்கத்திலும் ராட் பேசப்பட்டது உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். ஆனால் அவர் நூலின் நாயகன் மகசீர். அவர் கண் ஆற்றின்மேல்.

வேடிக்கை என்னவென்றால், கடலுக்கு வந்ததும் ஸ்பே ராட் தன் பிறப்புக் காரணத்தையே துறந்துவிட்டது. கடற்கரையில் பின்னால் மரம் இல்லை. முன்னால் உடையும் அலையோ கயிற்றை ஊன்ற விடாது. எனவே கயிற்றைத் தலைக்குமேல் பின்னால் ஒரு முறை அனுப்பி, உடனே முன்னால் அனுப்புகிறோம். மூங்கில்போல நீண்ட அதன் உடம்பு மட்டும், அதுவும் கார்பனில் 11 அடியாகக் குறுகி, மிஞ்சியிருக்கிறது. வலையும் இடம் மாறியிருக்கிறது. பருத்தி போய் நைலான் வந்தது, ஓலைப்பறி போய் பிளாஸ்டிக் வாளி வந்தது. ஆனால் அதன் வீச்சு மாறவில்லை, மாற வேண்டிய தேவையும் வரவில்லை.

இனி தூரம். இருகை ராட் விற்கப்படுவதே தூரத்தின் பெயரால். எதிர்காற்றில் ஒற்றைக்கை ராடால், நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டிய பிறகு, நான் மணலில் காலடியிட்டு அளந்தது 20 மீட்டர். இருகை ராடால் ஒரே ஆட்டத்தில் 30. அந்தப் பத்து மீட்டருக்கு ஒரு பொருள் உண்டு: ஜெர்சிக் கரையோரம் ஒரு பள்ளம், அதற்கப்பால் ஒரு மணல்திட்டு, வற்றின்போது திட்டின் விளிம்பில் ஸ்ட்ரைப்பர் மீன் உலாவும். ஆனால் பெருமைப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கும் ஸ்பின்னிங்காரர் தேநீர்க் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டே அதைப்போல் இருமடங்கு எறிவார். ஈயம் எறியும் போட்டிகளில் 200 மீட்டரைத் தாண்டுவது புதிதல்ல. நான் கண்ட ஆதாயம் வேறு. நீண்ட ராட் கயிற்றை உடையும் அலைக்குமேல் தூக்கிப்பிடிக்கிறது. நாள் முழுக்க வீசினாலும் தோள் தாங்குகிறது. இழப்பும் உண்டு: மீன் மாட்டிய பிறகு அந்த 11 அடி நமக்கு எதிரான நெம்புகோல். தனியாளாக மீனைக் கைக்கெட்டக் கொண்டுவருவதற்குள் ராட் முனை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

வலையின் எட்டம் ஐந்து மீட்டர்; நல்ல கைக்கு இன்னும் ஒரு முழம். இதை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை, ஏனென்றால் வலைக்காரன் மீனைப் பார்த்த பிறகே வீசுகிறான். முழங்கால் நீரில் அசையாமல் நின்று, தண்ணீர்மேல் ஓடும் சின்ன நடுக்கத்தைப் படிக்கிறான். நானோ பார்க்காமல் வீசுகிறேன். அங்கே இருக்கும் என்று நம்பி வீசுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் நாற்பது முறை வீசியிருப்பேன், பெரியவர் மூன்று முறை. என் வேலை வீசிய பிறகு தொடங்குகிறது. அவர் வேலை வீசும்போது முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் என் தராசு அவர் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சட்டம் இரண்டையும் தொடும் விதமும் பார்க்கத் தக்கது. வலையில் அளவுகோல் கருவிக்குள்ளேயே இருக்கிறது: கண்ணியைவிடச் சிறியது தானாக வெளியேறும். ஸ்ட்ரைப்பருக்கு அளவுகோல் ராடில் ஒட்டிய ஒரு பட்டை. 2023-இல் வந்த விதிப்படி 28 அங்குலத்துக்குக் குறைந்ததையும் விட வேண்டும், 31-ஐத் தாண்டியதையும் விட வேண்டும். இடைப்பட்டதில் நாளைக்கு ஒன்று. பெரியவருக்குச் சின்னதை விடுவது புரிந்தது. "பெருச ஏன் வுடணும்?" என்றார். முட்டையிடும் தாய்மீன்கள் அவைதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப கண்ணி ரெண்டு பக்கமும் இருக்கணும்" என்றார். மீன்வளத் துறைகள் பத்திப் பத்தியாக எழுதுவதை இதைவிடச் சுருக்கமாக நான் படித்ததில்லை.

கைவேலையில் இரண்டும் மறுபடி நெருங்கிவருகின்றன. வலை ஊசியோடு திண்ணையில் உட்கார்ந்து கிழிசலைப் பொத்துவதும், குளிர்காலத்தில் மேசை விளக்கடியில் கொக்கிக்கு மயிர் கட்டுவதும் ஒரே வகைப் பொறுமை. இந்தக் கரைக்கென்றே ஃப்ளை கட்டியவர் சீசைட் பார்க்கின் பாப் பபோவிக்ஸ். ப்ளூ மீனின் பல் எல்லா ஃப்ளையையும் இரண்டு கடியில் பிய்த்துவிடும். அவர் மயிரின்மேல் எப்பாக்சி பூசி, கண்ணாடிபோல் உடம்புள்ள 'சர்ஃப் கேண்டி'யைச் செய்தார். கிழிபடும் இடத்தில் நூலை இரட்டிக்கும் வலைக்காரனின் புத்திதான் அதுவும்.

வெயில் ஏறும் நேரத்தில் மடவைக் கூட்டம் ஒன்று முகத்துவாரத்திலிருந்து வெளியே வந்து கரையோரமாக எங்கள் முன்னால் திரும்பியது. பின்னாலேயே ப்ளூ வந்துவிட்டது; தண்ணீர் கொதித்தது, மடவைகள் சில்லறை சிதறியதுபோல் துள்ளி விழுந்தன. நான் முப்பது மீட்டருக்கு அப்பால் விழுந்துகிடந்த கயிற்றை அள்ளி இழுத்தேன். "கிட்டத்துல போடுங்க தம்பி" என்றார். போட முடியவில்லை. கயிற்றின் தலைப்பகுதி ராட் முனைக்கு வெளியே நீண்டால்தான் ராட் வளையும். அதற்குப் பத்து மீட்டராவது வேண்டும். வலைக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து வீசினார். ஐந்து மீட்டரில் விழுந்தது. மீன் இரண்டுக்கும் நடுவில், ஏழெட்டு மீட்டரில், யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் துண்டு நீரில் நின்று தின்றுகொண்டிருந்தது.

பெரியவர் குனிந்து முகத்துவாரக் கல்தடுப்போரம் கிடந்த ஒரு கல்லை எடுத்தார்.

"ஒண்ணு இந்தப் பக்கம் வரட்டும், இல்ல அந்தப் பக்கம் போவட்டும்" என்று சொல்லி எறிந்தார்.